எரியுதா, பாரு

ஆர்.டி.ஓ.விடம் எஃப்.சி. காட்டுவதற்காக அடித்த பெயிண்டின் வாசனை இன்னும் போகவில்லை. கணவர் எங்கள் பழைய லாரியில் பிரேக்கை மிதித்தார். பிரேக் லைட்டோடு இண்டிகேட்டரும் மங்கலாகச் சேர்ந்து எரிந்தது. பெயிண்ட் அடித்த வண்டிக்கு வருகிற கோளாறுதான். எர்த் ஒயர் பிடிக்கிற போல்ட்டின் மேலும் அடித்துவிடுவார்கள்; கரண்ட் போக வழியில்லாமல் பக்கத்து லைட்டில் புகுந்துவிடும். அவர் போல்ட்டைச் சுரண்ட இறங்கினார்.

அந்த வாசனையில் அப்பாவின் லாரி என் நினைவில் வந்து நின்றது. அவரும் இப்படித்தான் சுரண்டிவிட்டு, கேபினில் ஏறி பிரேக்கை மிதித்துக் கத்துவார்: "எரியுதா, பாரு புள்ள!" பின்னால் நின்று பார்ப்பது அம்மாவின் வேலை. நான் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. அப்பா லோடோடு, விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய் இறங்கியாக வேண்டும். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லைட் பளிச்சென்று எரிந்தது. அம்மாவின் முகமெல்லாம் சிவப்பு.

"எரியலீங்க," என்றாள் அம்மா.

அப்பா இறங்கி மறுபடி சுரண்டினார். மறுபடியும், "எரியலீங்க." மழை விடும்வரை அம்மாவின் கண்ணுக்கு எந்த லைட்டும் எரியவில்லை.

"இப்பப் பாரு புள்ள!" கணவர் கேபினிலிருந்து கத்தினார். மேற்கே வானம் கறுத்திருந்தது. சிவப்பு வெளிச்சம் என் புடவையெல்லாம் விழுந்தது.

"எரியலீங்க," என்றேன்.