சிவநேசன் அவர்களும் எங்கள் இருபது வாக்குகளும்

நினைவு மலருக்கு நான்கு பக்கம் தருவதாகச் சொன்னார்கள். ஒழுங்கு தவறிவிடுவேனோ என்ற பயத்தில், எழுதப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. செய்தி வந்த விதம்.
2. தொழிற்சாலையில் நாங்கள் பழகியது.
3. ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் சுவிஸ் என்ற இந்தச் சின்ன நாட்டின் வரலாறும், அதில் எங்கள் பங்கும்.
4. சிவநேசன் அவர்கள் அந்தப் பங்கை ஒருமுறைகூடச் செலுத்தவில்லை என்பது.

நான்காவதை நினைவு மலரில் எழுதலாமா என்று அவருடைய துணைவியாரிடம் கேட்டேன். "எழுதுங்கோ மாஸ்ரர். அவர் இருந்தாலும் கோவிச்சிருக்க மாட்டார்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை, மருந்துக்கடைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்த அம்மையார் அழைத்தார். "மாஸ்ரர், இவர் விடியப்புறம் போயிட்டார்." நான் ஏதோ சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். பிறகு, சரியாகத்தான் கேட்டேனா என்ற ஐயம் எழுந்தது. திரும்ப அழைத்து, "என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். கணவனை இழந்து சில மணி நேரமே ஆன ஒருவரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? அவர் பொறுமையாக, "ஓம் மாஸ்ரர், சரியாத்தான் கேட்டனீங்கள்" என்றார்.

லா ஷோ-து-ஃபோனில் உள்ள கைக்கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் அவர் கடிகாரங்களின் உலோக உறைகளை மெருகூட்டினார். நான் அவற்றில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். ஊரில் கணக்குப் படிப்பித்தவன் என்பதால் இங்கேயும் எல்லோருக்கும் நான் மாஸ்ரர்தான். முதல் வாரமே அவருடைய ஆறு உறைகளைத் திருப்பி அனுப்பினேன். அவர் எழும்பி வந்து என் உருப்பெருக்கியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மாஸ்ரர், கீறல் என்ரை உறையிலை இல்லை. உங்கடை கண்ணாடியிலை கிடக்கு."

உண்மைதான். அன்று மதியம் அவரே தம்முடைய சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இருவரும் ஓய்வு பெறும்வரை அந்த மேசையில்தான் சாப்பிட்டோம்.

பாட்டுப் போட்டிப் பைத்தியம் என்னுடையது. பாட்டைவிடப் புள்ளிகளில்தான் எனக்கு ஆசை. முதல் போட்டி இந்த நாட்டில்தான் நடந்தது. வென்றதும் இந்த நாடே. பல பத்தாண்டுகள் கழித்து, வேறு நாட்டில் பிறந்த ஒரு பாடகியைக் கொண்டு மறுபடி வென்றது. பிறகு நெடுங்காலம் இறங்குமுகம். இறுதிச் சுற்றை எட்டாத ஆண்டுகளும் பூச்சியத்தோடு திரும்பிய ஆண்டுகளும் உண்டு. எல்லாவற்றையும் ஒரு நீலக் கொப்பியில் நிரல் நிரலாக எழுதி வைத்தேன்.

பொதுமக்கள் பாட்டின் எண்ணைத் தொலைபேசியில் குறுஞ்செய்தியாக அனுப்பி வாக்களிக்கலாம். ஒரு தொலைபேசியிலிருந்து இருபது வாக்குகள். ஆனால் இருக்கும் நாட்டுக்கே வாக்களிக்க முடியாது. சுவிஸுக்குப் போடவேண்டுமானால் சுவிஸுக்கு வெளியே நிற்கவேண்டும். நாங்கள் இருந்த லா ஷோ-து-ஃபோனிலிருந்து பிரெஞ்சு எல்லை அரைமணி நேரம்தான். அப்பால் ஒரு சிற்றூரில் சிவநேசன் அவர்களுடைய தங்கை மலர் இருந்தார். எனக்கோ அப்போது தற்காலிக அனுமதி அட்டை மட்டுமே, எல்லை தாண்டக்கூடாது.

"நான் போய்ப் போடுறன் மாஸ்ரர். நீங்கள் வீட்டிலை இருந்து எழுதுங்கோ" என்றார் அவர். "பத்து உங்கடை, பத்து என்ரை. சரியோ?"

எனக்கு அது விளையாட்டல்ல. ஊரில் கடைசியாக எப்போது வாக்களித்தேன் என்பதே மறந்துபோயிருந்தது. இங்கேயோ எனக்கு எதற்கும் வாக்கில்லை. என்னைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்த ஒரு நாட்டுக்கு நான் கொடுக்கக்கூடியதாக இருந்தவை அந்தப் பத்து மட்டுமே. பின்னாளில் குடியுரிமை கிடைத்த பிறகும் ஏற்பாட்டை மாற்றவில்லை. சுவிஸ் இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொரு ஆண்டும் அவர் தங்கை வீட்டுக்குப் போனார். மறுநாள் ஞாயிறு காலை என் வீட்டுக்கு வந்து, 'எங்கள் வாக்கு' என்ற நிரலில் தம் கையாலேயே இருபது என்று எழுதினார்.

சுவிஸ் மூன்றாம் முறை வென்ற ஆண்டு, ஞாயிறு காலை நானே சாப்பிட றோல்ஸ் வாங்கிக்கொண்டு, கொப்பியோடு அவர் வீட்டுக்குப் போனேன். எழுபது கடந்தவன், வாசலில் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். "சிவநேசன், இதுக்குள்ளை எங்கடை இருபதும் இருக்கு!" அவர் என் முதுகைத் தட்டினார். "இருக்கும், மாஸ்ரர். முதல்லை சாப்பிடுங்கோ." அன்றும் கொப்பியை எடுத்து இருபது என்று எழுதினார்.

இனி நான்காவது.

தகனம் முடிந்து வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். மலர் என் அருகில் வந்து அமர்ந்தார். இத்தனை ஆண்டுகள் தொலைபேசி தந்ததற்கு அவருக்கு நான் ஒருமுறையும் நன்றி சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"தங்கச்சி, சுவிஸுக்குப் போன எங்கடை வாக்கெல்லாம் உங்கடை போனாலைதானே போனது. பெரிய உபகாரம்."

"சுவிஸுக்கோ?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணை ஒருநாளும் சுவிஸுக்குப் போடேல்லையே மாஸ்ரர். ஆரும் போடமாட்டினம் எண்டு தெரியிற நாடாப் பாத்துத்தான் போடுவர். 'பூச்சியத்தோடை ஒருத்தரும் வீட்டை போகக்கூடாது பிள்ளை' எண்டுவர். நான் கட்சி மாறி எண்டு பகிடி பண்ணுவன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஐயோ, உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது.

அவருடைய இரக்கத்தைப் பலரும் இந்த மலரில் புகழ்ந்திருப்பார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய பத்தை அவர் யாருக்கும் கொடுக்கட்டும். மற்றப் பத்தும் என்னுடையவை. நான் போகமுடியாமல் நின்ற எல்லைக்கு அப்பால், என்னுடைய வாக்குகளை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு வந்து, என் கொப்பியில், என் கண் முன்னால், இருபது என்று எழுதினார். பொய் என்ற சொல்லை அவருக்குப் போட மனம் வராமல் வேறு சொல் தேடினேன். இரண்டு நாள் தேடியும் அகப்படவில்லை. வாழ்நாள் முழுவதும் நான் எழுதிய ஒவ்வொரு எண்ணையும் சந்தேகித்துத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிரலை மட்டும் பார்க்கவில்லை, அது அவர் கையெழுத்து என்பதால்.

இதுவரை எழுதி முடித்து அச்சுக்கு அனுப்ப இருந்தேன். நேற்று மதியம் மலர் அழைத்தார்.

"மாஸ்ரர், நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். சுவிஸிலை போட்டி நடந்த வருசம் நான் வேலைக்குப் போயிட்டன், போனை அண்ணையிட்டைக் குடுத்திட்டு. இப்பத்தான் பழைய மெசேஜுகளைப் பாத்தன். படம் அனுப்புறன், நீங்களே பாருங்கோ."

பார்த்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக இருபது செய்திகள். இருபதிலும் ஒரே எண். என் கொப்பியோடு ஒப்பிட்டேன். சுவிஸ் பாட்டின் எண்.

வென்ற நாடே அடுத்த போட்டியை நடத்தவேண்டும்; நாங்கள் வென்றதற்கு அடுத்த ஆண்டு அது. நம் மண்ணில், நம் அரங்கில், மக்கள் வாக்கில் சுவிஸுக்குப் பூச்சியம். இருபது செய்திகளால் ஒரு புள்ளியும் வராது என்ற கணக்கு எனக்குத் தெரியும். அந்தப் பூச்சியம் வரப்போவதை அவர் உணர்ந்து போட்டாரா, எனக்காகப் போட்டாரா என்பது தெரியாது. அந்த ஞாயிறு காலை என் அழைப்புமணி இரண்டு முறை அடித்தது. வெட்கத்தில் நான் கதவைத் திறக்கவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு அவர் படியிறங்கிப் போன சத்தம் கேட்டது. பிறகு வந்தபோது அதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஆண்டுக்கு எதிரே மட்டும் நிரல் வெறுமையாக இருக்கிறது.

மற்ற ஆண்டுகளுக்காக எனக்கு உங்களோடு இன்னமும் கோபம்தான், சிவநேசன். அதை மறைத்து உங்களுக்கு அஞ்சலி எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான்காவதில் 'ஒருமுறைகூட' என்று எழுதியது பிழை. இன்று காலை அந்த வெற்றிடத்தில் இருபது என்று நானே எழுதினேன். அமைதியாகப் போய் வாருங்கள்.