பீரோவுக்கு முன்னால் நடப்பவர்

வீடு மாற்றித் தரும் வேலையில் அவருக்கு இருபத்தாறு வருஷம். கூட்டாளிகள் மேஸ்திரி என்பார்கள். சாமான் தூக்குகிறவருக்கு முதுகில்தான் பலம் என்று நினைத்தால் அது நம் அறியாமை. இவருக்கு எல்லாம் தலைக்குள். ஒரு வீட்டில் நுழைந்து சமையலறை வரை போய்த் திரும்பினால் போதும், மொத்த வீடும் மனசில் உட்கார்ந்துவிடும். எந்த வளைவில் பீரோவைச் சாய்க்க வேண்டும், எந்தக் கதவு முழுசாகத் திறக்காது, எல்லாம் அத்துப்படி. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே கை நீட்டி, "அந்தப் பச்சை கேட் வீட்ல மாடிப்படி மூணாவது படி ஆடும்" என்பார். அந்த வீட்டுக்குள் அவர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். பக்கத்தில் இருக்கும் மனைவி, "நேத்து வாங்கிட்டு வரச் சொன்ன சோப்பு மட்டும் மறந்துடும்" என்பாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் சொந்த வீட்டில் கோட்டை விட்டார்.

மனைவிக்கு நாலு வருஷத்துக்கு முன் பார்வை மங்கி, சில மாதத்தில் ஒரேயடியாகப் போய்விட்டது. அவள் அசரவில்லை. பழகின வீடு. கட்டிலிலிருந்து இறங்கி ஆறு காலடி, இடக்கைப் பக்கம் கதவு. அதைத் தாண்டி நாலு காலடி, அடுப்பு. சமைப்பாள், துணி மடிப்பாள், அவர் கண்ட இடத்தில் கழற்றிப் போட்ட செருப்பு காலில் தட்டினால் வாங்கு வாங்கென்று வாங்குவாள். புதிதாக வருகிறவர்களுக்கு அவளுக்குப் பார்வை இல்லை என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும். அவரும் நிம்மதியாக வேலைக்குப் போய் வந்தார்.

பிறகு கூரை ஒழுக ஆரம்பித்தது. வீட்டுக்காரர் அதே மாடியில் எதிர்ப்புறம் காலியாக இருந்த வீட்டைக் கொடுத்தார். மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம். "நீ கவலையே படாத. அதே அளவு, அதே மூணு ரூம். அச்சு அசல் நம்ம வீடுதான்" என்று மனைவியிடம் சொல்லி, ஒரே காலையில் சாமான் முழுவதையும் மாற்றி அடுக்கிவிட்டார்.

அளவெல்லாம் அதேதான். ஆனால் அந்த எதிரெதிர் வீடுகள் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி கட்டப்பட்டவை. இங்கே இடப்பக்கம் இருப்பது அங்கே வலப்பக்கம். அவள் முதல் நாள் கட்டிலிலிருந்து இறங்கி, ஆறு காலடி வைத்து, பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திரும்பினாள். முகத்தில் சுவர். கண் தெரிகிறவர்களுக்கு இது ரெண்டு நாளில் சரியாகிவிடும் சமாச்சாரம். அவளுக்கோ நாலு வருஷமாகக் காலாலேயே மனப்பாடம் செய்த வீடு. முன்பின் தெரியாத இடமாக இருந்திருந்தால்கூட நிதானமாகத் தடவிப் பார்த்துப் பழகியிருப்பாள். இங்கே அவள் எவ்வளவு நினைத்தாலும் கால் தானாகப் பழைய வழிக்கே போயிற்று.

மேஸ்திரி பதறிப்போனார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அவள் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு, அடுப்படிக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று நாளைக்கு முப்பது தடவை நடத்தினார். "இன்னும் நாலு நாள்ல பழகிடும்" என்றார். மூன்று வாரம் ஆயிற்று. கையை விட்டால் நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தக் கேலி வாய் அடங்கிப்போனது. ஒரு மத்தியானம், "ஒரு வாய் தண்ணிக்குக்கூட உங்களத்தான் கேக்கணும். என் வீட்லயே நான் விருந்தாளி ஆயிட்டேங்க" என்றாள். இனி வேலையே வேண்டாம், இவளுக்குக் கண்ணாக வீட்டிலேயே இருந்துவிடுவது என்று அப்போதே முடிவு கட்டினார். பாசம் மிஞ்சினால் புத்தி இப்படித்தான் போகும்.

அதைச் சொல்வதற்காக ஒல்லியை வரச் சொன்னார். ஒல்லி என்பது பழைய பெயர். இப்போது ஆளே பீரோ சைஸ். இருபது வருஷமாக மேஸ்திரி பீரோவின் முன்பக்கம் பிடித்தால் பின்பக்கம் பிடிப்பவன். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, போன மாசம் ஒரு டாக்டர் வீட்டுக்கு பீரோ ஏத்துனோமே, அங்க எத்தனை ரூம்?"

"அஞ்சு. கடைசி ரூமுக்கு ரெண்டு கதவு. எதுக்குடா?"

"எனக்குத் தெரியாதுண்ணே. நானும் உங்ககூட நாலு தடவை போய்ட்டுதான் வந்தேன். என் மூக்குக்கு முன்னால பீரோதான் தெரியும், நீங்க இழுத்த பக்கம் வருவேன். வழியெல்லாம் முன்னால போறவருக்குத்தான்." கொஞ்சம் தயங்கினான். "அண்ணி மூணு வாரமா பின்பக்கம் புடிச்சிட்டிருக்காங்கண்ணே."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "அப்பாடா, இத்தனை நாள்ல ஒரு மனுஷனாவது வாயத் தொறந்தானே!"

மறுநாள் காலை அவள் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். "நான் கூப்பிடாம உள்ள வந்தீங்க, அவ்வளவுதான்."

அவர் மாடிப்படியில் உட்கார்ந்தார். உள்ளே டமாரென்று ஒரு சத்தம். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். ஒரு பாத்திரம் உருண்டது. "ஐயோ!" என்று அவர்தான் கத்தினார். ஓடிப்போய்க் கதவில் கை வைத்தபோது, "நீ இங்கதான் நிக்கறியா, சனியனே!" என்று அவள் யாரையோ திட்டுவது கேட்டது. ஃப்ரிட்ஜைத்தான். கையை எடுத்துக்கொண்டார். நாலு மாடிக்கு இரும்புப் பெட்டி சுமந்தபோதுகூட அவர் சட்டை இப்படி நனைந்ததில்லை.

ஐந்து நாள் காலை இப்படியே போயிற்று. ஆறாம் நாள் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அவரை ரொம்பப் பயமுறுத்தியது. பயந்துகொண்டே அவர் எழுந்தபோது கதவு திறந்தது. கையில் டீயோடு அவள் நின்றாள்.

"புடிங்க, சூடு."

அவர் டம்ளரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். உடம்பெல்லாம் கன்றிப்போயிருந்தது.

"நெத்தியில என்னம்மா?"

"அடுப்படிக் கதவு. முட்டியில இருக்கறது கட்டில். முழங்கையில ஃப்ரிட்ஜ். எது எங்க இருக்குன்னு இப்ப தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

மணிக்கட்டைச் சுற்றிலும் விரல் விரலாக ஒரு பழைய கன்றல், மஞ்சளாகிப்போய்த் தெரிந்தது.

"மணிக்கட்டுல?"

அவள் டம்ளரை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நீட்டினாள்.

"அது நீங்க" என்றாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"ஆறிடப் போகுது, குடிச்சிட்டு வேலைக்குக் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு, அவள் வலப்பக்கம் திரும்பி அடுப்படிக்குப் போனாள்.