மஞ்சள் பெயின்ட்டுக்கு அடியில் ஓர் எர்த் வயர்

மாதேசின் டிரெய்லரில் பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே சொல்லாமல் விட்டேன். மறதி அல்ல, கவனக்குறைவும் அல்ல. பொறாமை!

இதைப் படிக்கிற நீங்கள் என்னை அறிய மாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். அறிந்தவர்களிடம் சொல்லும் தைரியம்... இன்னும் வரவில்லை.

மைசூர் மண்டி மொஹல்லாவில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறவன் நான். மாதேசும் நானும் ஹனூர்ப் பக்கம் ஒரே ஊர். என்னைவிட ஆறு வயது இளையவன். டிபன் விற்க ஒரு டிரெய்லர் வாங்க வேண்டும், பிக்கப் வண்டியில் கோத்து ஸ்ரீரங்கப்பட்டணம்வரை இழுத்துப் போக வேண்டும், ஆற்றுக் காற்றில் நின்று தோசை வார்க்க வேண்டும்... இந்தக் கனவு முதலில் என்னுடையது! ஒரு டீக்கடையில் அவனிடம் வாய்விட்டுச் சொன்னேன். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் வாங்கிவிட்டான்.

திருடினானா? இல்லை. இரண்டு வருடம் எனக்காகக் காத்திருந்தான். "எப்பங்கண்ணா ஆரம்பிக்கலாம்?" என்று எத்தனை தடவை கேட்டான்! ஆடி போகட்டும், மழை போகட்டும் என்று நாளைத் தள்ளியவன் நான்தான். குற்றமில்லாதவன் மீது வரும் பொறாமைக்கு வெளியேற வாசல் கிடையாது, தெரியுமா? அது உள்ளேயே சுற்றும்.

காலையில் நான் பட்டறை ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் அவர்கள் போவார்கள். ஓட்டுகிறவன் மாதேசு, பக்கத்தில் அவன் மனைவி செல்வி. என்னைத் தாண்டும்போது ஆரன் அடிப்பான். செல்வி எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பாள். தினமும் அப்படி என்னதான் சிரிப்பு! நானும் என் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது எப்போது... யோசித்துப் பார்த்துத் தோற்றேன்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் செல்வி தன் கையாலேயே டிரெய்லருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாள். அந்த வாரம் மைசூரில் எந்த வண்டியும் துருவோடு நிற்காது. கண்ணுக்குத் தெரியாத அடிச்சட்டம்கூட மினுங்கியது. வாழைக்கன்று கட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள். நானும் தின்றேன்.

மூன்றாம் நாள் மாதேசு பட்டறைக்கு வந்தான்.

"பிரேக்கு சரியா புடிக்க மாட்டேங்குதுங்கண்ணா. பிக்கப்பு நிக்குது, டிரெய்லரு நிக்க மாட்டேங்குது. பின்னால இருந்து யாரோ தள்ற மாதிரியே இருக்குது."

"உம் பொண்டாட்டி தள்றாளோ என்னமோ, சீக்கிரம் போய் இட்லி ஊத்துன்னு."

"அவ முன்னால ஒக்காந்துக்கிட்டே தள்றவங்கண்ணா!" சிரித்தான். "டேஷ்போர்டுல டிரெய்லரு பிரேக்கக் கூட்டற குமிழை ஃபுல்லா ஏத்திப் பாத்துட்டேன். ஸ்வல்பமும் வித்தியாசம் இல்ல."

அந்த டிரெய்லரின் பிரேக் மின்சாரத்தில் இயங்குவது. பிக்கப்பில் பெடலை மிதித்தால் வயர் வழியே மின்சாரம் ஓடி, டிரெய்லரின் சக்கரத்துக்குள் உறங்கும் காந்தத்தை எழுப்பும். காந்தம் பிரேக்கைக் கவ்வ வைக்கும். போன மின்சாரம் வண்டியின் இரும்பு வழியாகத் திரும்பி வர வேண்டும். அந்த வழியைத்தான் எர்த் என்கிறோம்.

அவன் டீ வாங்கப் போனான். பெடலுக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு நான் அடியில் படுத்தேன். பிக்கப் பக்கம் பன்னிரண்டு வோல்ட் சரியாக இருந்தது. சக்கரத்தருகே எட்டைத் தாண்டவில்லை. எர்த் வயரின் போல்ட்டைப் பார்த்தேன். புரிந்துவிட்டது! செல்வி அதைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மஞ்சள் அடித்து, காய்ந்த பெயின்ட்டின் மேலேயே மறுபடி முடுக்கியிருந்தாள். இரும்பை இரும்பு தொடவில்லை. நடுவே பக்தி.

பேட்டரியிலிருந்து தனியாக ஓர் எர்த் இழுத்துக் கொடுத்துப் பார்த்தேன். ஜாக்கியில் தூக்கிச் சுழற்றிவிட்டிருந்த சக்கரம் ணக்கென்று நின்றது. பிறகு என்ன? போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை...

வாசலில் மாதேசு போனில் பேசிக்கொண்டிருந்தான். "அண்ணன் கை வெச்சா ஆயித்து கண்ணு, நீ பயப்படாத."

கண்ணு! அந்த ஒரு சொல் என்னை எரித்தது. இழுத்த வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன்.

"ஷூ புதுசுடா. நாலு நாள் ஓடித் தேஞ்சாத்தான் கவ்வும்."

பூசைக்கு முன்னால்தான் பிரேக் ஷூ மாற்றியிருந்தான். பொய்க்கு அது போதுமானதாக இருந்தது.

"அப்பப் பயமில்லீங்களாண்ணா?"

"ஒண்ணும் ஆகாது, போ."

விபத்தையா விரும்பினேன்? இல்லை! நாலு நாள் அவன் திண்டாட வேண்டும். திரும்பி வந்து என் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். ஒரே ஒரு காலையாவது செல்வி சிரிக்காமல் என் பட்டறையைக் கடக்க வேண்டும். அவ்வளவு சின்ன ஆசை...

இரண்டாம் நாள் காலை, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு முன்னால் ஒரு சரிவில், முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. மாதேசு மிதித்தான். டிரெய்லர் கேட்கவில்லை. பிக்கப்பைத் தள்ளிக் குறுக்கே திருப்பி, செல்வி இருந்த பக்கத்தைப் புளியமரத்தில் மோத வைத்தது. அவளுடைய இடது கை நொறுங்கிப்போயிற்று. இனி அந்த விரல்கள் எதையும் இறுக்கிப் பிடிக்காது என்றார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன் என்றா நினைக்கிறீர்கள்? முதலில் டிரெய்லரிடம் ஓடினேன். போல்ட்டைக் கழற்றினேன், வெள்ளை இரும்பு தெரியும்வரை மஞ்சளைத் தேய்த்தேன், முடுக்கினேன். இரண்டு நிமிடம்தான் ஆயிற்று! சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர், வயரிங்கில் கோளாறு இல்லை என்று எழுதிப் போனார். தவறு ஓட்டியவனுடையதாயிற்று.

தன் பெயின்ட்தான் காரணம் என்று தெரிந்தால் செல்வி நொறுங்கிவிடுவாள், அவளுக்காகவே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்... இப்படியும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு நேர்த்தியான பொய்! பெயின்ட்டை நான் பார்த்துவிட்ட பிறகு, அது அவள் தவறாக எப்படி இருக்கும்?

அக்ரஹாரத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு செல்வி கேட்டாள்: "நீங்க பாத்தீங்களேண்ணா... பிரேக்குல ஏதாச்சும் கோளாறு இருந்துச்சுங்களா?"

மாதேசு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தேகம் இல்லை. கெஞ்சல் இருந்தது.

"இல்லம்மா," என்றேன்.

அவன் தலை குனிந்தான். "நாலு நாள் ஆகும்னு அண்ணன் சொன்னாருல்ல. அதுக்குள்ள நாந்தான் வேகமா வந்துட்டேன் கண்ணு."

 செல்வி நல்ல கையை நீட்டி அவன் தலைமயிரைக் கோதினாள். "உடுங்க. வேணும்னேவா செஞ்சீங்க?"

கேட்டீர்களா? செய்யாத குற்றத்துக்கு, என் கண்ணெதிரிலேயே, அவன் மன்னிக்கப்பட்டான்! எனக்கு வர வேண்டிய மன்னிப்பு வேறொருவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. வெட்கத்தில் செத்திருக்க வேண்டாமா நான்? அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்... பொறாமையோடு.