பாம்புச் செவி எழுதிய சீட்டுகள்

கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாம்புச் செவி என்றால்தான் திரும்புவாள்.

பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிப் பிரித்து, தேறுகிற பாகங்களைச் சுத்தம் செய்து விற்கிற கடை அது. மாடியில் பின்பக்க அறைக்குக் கிராபிக்ஸ் கார்டுகள் வரும். திரையில் படம் ஓட்டுகிற அந்தக் கார்டு வேலை செய்யச் செய்ய அடுப்பாகக் காய்ந்துவிடும் என்பதால், அதன் மேலேயே இரண்டோ மூன்றோ விசிறிகளைப் பொருத்தியிருப்பார்கள். எந்தக் கார்டு எவ்வளவு சத்தம் போடுகிறது என்று கேட்டுச் சொல்வதுதான் அவள் வேலை.

ஜன்னலைச் சாத்துவாள். தண்ணீர் குளிர வைக்கிற பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவாள். மூடியில்லாத கம்ப்யூட்டரில் கார்டைச் செருகி, பத்து நிமிடம் சூடேற்றி, ஒரு முழம் தள்ளிச் சத்தம் அளக்கிற கருவியை வைப்பாள். அது ஓர் எண்ணைக் காட்டும். ஆனால் முப்பத்தாறு டெசிபெல் என்று ஒரே எண் காட்டுகிற இரண்டு கார்டுகளில் ஒன்று தூங்குகிற குழந்தை மாதிரி இருக்கும், இன்னொன்று ஆளைத் தூங்கவே விடாது. அது கருவிக்குத் தெரியாது. அதனால் எண்ணுக்குக் கீழே அவள் தன் கையால் ஒரு சொல் எழுதி ஒட்டுவாள். மூச்சு என்றால் நல்ல சரக்கு. பெரிய விசிறிகள் நிதானமாகச் சுற்றும். முணுமுணுப்பு என்றால் சின்ன விசிறிகள் திணறுகின்றன. கடகடப்பு என்றால் பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது. கடைசிச் சொல் கொசு. அதில் விசிறிமேல் குற்றமில்லை. விசிறியை விரலால் பிடித்து நிறுத்தினாலும் நிற்காமல், கார்டில் இருக்கும் காயில் என்கிற கம்பிச் சுருளிலிருந்து மெல்லிய ரீங்காரம் வந்துகொண்டே இருக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது.

எட்டாவதோடு பள்ளியை விட்டவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுவாள். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் அவள் சீட்டைத்தான் பார்த்தார்கள். சில நாள் மாடிப்படியில் நின்று அதை ஒளிந்து பார்ப்பாள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில், சமையலறைக்கு வந்த அவள் கணவர் நின்று அவளையே பார்த்தார்.

"ஃபிரிட்ஜ் கதவைத் தெறந்து போட்டுட்டு நிக்கிறியே, அது கீ கீன்னு கத்துறது கேக்கலையா? பாம்புச் செவிக்கு இன்னிக்கு லீவா?"

அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். கடைக்குப் போனதும், முன்பே கொசு என்று எழுதி வைத்திருந்த கார்டு ஒன்றை எடுத்து ஓட்டினாள். விசிறிச் சத்தம் கேட்டது. விரல் வைத்து விசிறியை நிறுத்தினாள். தண்ணீருக்குள் தலையை அமுக்கியது போல எல்லாம் அடங்கிப் போயிற்று.

எதனால் என்று அவளுக்குத் தெரியும். இந்த அறைக்கு வருவதற்கு முன் நான்கு வருடம், கடையின் பின்புறம் காற்று மெஷினால் கார்டுகளுக்குத் தூசி ஊதினாள். காதருகே ஊளையிடுகிற மெஷின். கூட வேலை பார்த்தவர்கள் பஞ்சு அடைத்துக்கொண்டார்கள். இவள் மட்டும் மாட்டேன் என்றாள். அடைத்து வைத்தால் காது மழுங்கிவிடும் என்று பயந்தாள். காதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் அதைத் தொலைத்தாள்.

சொன்னால் வேலை போய்விடும். காதை எடுத்துவிட்டால் அவளிடம் என்ன இருக்கிறது? ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் எதிர் மேசையில் இருந்த சால்டர் அண்ணன் கண்ணில் பட்டார். கார்டுகளில் விட்டுப்போன இணைப்புகளைப் பற்றவைக்கிறவர். அவள் அந்தக் கொசுக் கார்டை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்த நேரம், அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைச் சுளித்து இடது காதைக் குடைந்தார். சிறிது நேரம் கழித்து மறுபடி ஓட்டினாள். மறுபடியும் குடைந்தார். முழுகிக்கொண்டிருப்பவளுக்கு அது போதாதா? அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அன்றே நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள். டெசிபெல் எண்ணைக் கருவி சொல்லும். பேரிங் கோளாறை விரல் நுனி சொல்லும். கொசுவை அண்ணன் காது சொல்லும். மனிதர் காதைத் தொட்டால் கொசு, தொடாவிட்டால் மூச்சு.

"என்னம்மா, என் மூஞ்சியில ஏதாவது படம் ஓடுதா?" என்று ஒருநாள் கேட்டார்.

"இல்லண்ணே. சும்மாதான்."

"பார்த்தா பார்த்துக்க. டிக்கெட் மட்டும் வாங்கிடு."

இரண்டு மூன்று கார்டுகள் திரும்பி வந்தன. அது எப்போதும் நடப்பதுதான் என்று முதலாளி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழே யாராவது படியேறும் அதிர்வு தெரிந்தாலே அவள் மட்டும் கார்டை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பாள்.

போன வாரம் முதலாளி முப்பது கார்டுகளை மேலே அனுப்பிவிட்டுத் தானும் வந்தார்.

"ஒலிப்பதிவுக் கூடத்துக்கு எட்டு வேணுமாம். பேசுறவங்க மைக்குப் பக்கத்துலயே மெஷின் இருக்குமாம். எட்டும் மூச்சா இருக்கணும்மா. ஒரு கொசு போச்சுன்னாலும் அவங்க இனி நம்ம படி ஏற மாட்டாங்க."

அன்று முழுவதும் ஓட்டினாள். அண்ணன் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூடக் காதுப் பக்கம் கை போகவில்லை. முப்பதில் ஒன்றுகூடவா கொசு இல்லை? கடைசியில் கேட்டே விட்டாள்.

"அண்ணே, இதுல ஏதாவது சத்தம் வருதா, பாருங்களேன்."

"உனக்குக் கேக்காத சத்தம் எனக்குக் கேட்டுடப் போவுதாக்கும்? உன் காதுகிட்ட என் காது கை கட்டி நிக்கணும்மா."

எட்டை எடுத்து வைத்து, எட்டிலும் மூச்சு என்று எழுதினாள்.

மூன்றாம் நாள் ஒலிப்பதிவுக்காரர் ஐந்து கார்டுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். முதலாளி நம்பவில்லை. "இவ காதுல விழாத கொசு இன்னும் பொறக்கலைங்க" என்று சொல்லிக்கொண்டே அவரை மாடிக்கு அழைத்து வந்து, ஒன்றைத் தானே செருகி ஓட்டினார்.

"சொல்லும்மா."

அவள் பழக்கத்தில் சால்டர் அண்ணனைப் பார்த்தாள். அவர் சும்மா இருந்தார். ஒலிப்பதிவுக்காரரைப் பார்த்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலாளியின் புருவம் மட்டும் மெல்லச் சுருங்கியது.

"எனக்கே கேக்குதேம்மா. உனக்கு?"

"கேக்கலைங்க."

"சத்தமே இல்லைங்கிறியா?"

"எனக்குத்தான் கேக்கலை. மூணு மாசமா."

முதலாளி கார்டை நிறுத்தினார். "அப்போ மூணு மாசமா ஒட்டுன சீட்டெல்லாம்?"

அவள் எதிர் மேசையைக் காட்டினாள். "அண்ணன் காதைக் குடைஞ்சா கொசுன்னு எழுதுவேன்."

"அடிப்பாவி" என்று சால்டர் அண்ணன் எழுந்தே விட்டார். "அது காதுல பூஞ்சைம்மா. போன வாரம்தான் சொட்டு மருந்து விட்டு அடங்குச்சு. இந்தக் கொசுச் சத்தமெல்லாம் எனக்குக் கேட்டே பத்து வருசம் ஆச்சு."

ஒலிப்பதிவுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி சிரிக்கவில்லை. மேசையிலிருந்த சீட்டுக் கட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை வீட்டுல இது ஒட்டியிருக்கோ. எங்க போய்ப் பொறுக்குவேன்?"

"அனுப்பிடாதீங்கய்யா" என்றாள். நான்கு பேர் இருக்கிற இடத்தில் இவ்வளவு உரக்க அவள் பேசியதே இல்லை. "எந்த வேலை கொடுத்தாலும் செய்யறேன்."

முதலாளி சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்துவிட்டார். "பின்னாடி தூசி ஊதுற ஆள் போன மாசமே நின்னுட்டான். அங்க போ."

அவள் படியிறங்கினாள். காற்று மெஷின் பழைய ஆணியிலேயே தொங்கியது. பின்னாலேயே வந்த சால்டர் அண்ணன் பஞ்சுச் சுருள் ஒன்றை அவள் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். கணவர் குரல், கதவு தட்டுகிற சத்தம், பஸ் வருகிற உறுமல் எல்லாம் இன்னும் மிச்சமிருந்தன. பஞ்சைத் திரித்து இரண்டு காதிலும் அழுத்தி அடைத்தாள்.

பழைய சரக்குக் கூடையில் முதலில் கைக்கு வந்தது, யாரோ வாங்கிப்போய் ஓட்டிவிட்டுத் திருப்பி விற்ற கார்டு. விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதினாள். தூசிக்கு அடியில் அவள் சீட்டு இருந்தது. முப்பத்து மூன்று, மூச்சு. அவள் கையெழுத்துதான். காது இருந்தபோது எழுதியதா, போன பிறகு எழுதியதா? சீட்டில் தேதி போடுகிற வழக்கம் கடையில் இல்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அதை எழுதியவளுக்கே தெரியவில்லை.

நகத்தால் சுரண்டி அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அடுத்த கார்டை எடுத்தாள்.