நொச்சிக்குப்பம் கங்கம்மா பத்தியம் முடித்த கதை

நொச்சிக்குப்பம் கங்கம்மா "வஞ்சரம்!" என்று ஒரு குரல் கொடுத்தால் பெசன்ட் நகர்ப் பூனைகள் அடையாற்றுப் பாலம் தாண்டிப் புறப்பட்டுவிடும். பொய் என்கிறவர்கள் ஒரு நாள் விடிகாலை லூப் ரோட்டு மீன் மார்க்கெட்டில் வந்து நின்று எண்ணிப் பார்க்கட்டும். கலங்கரை விளக்கத்தின் விளக்கே ஒரு தடவை அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்த்ததாகச் சொல்வார்கள். சுற்றுகிற விளக்கு எப்படியும் திரும்பத்தான் செய்யும் என்று குதர்க்கம் பேசுகிறவர்களுக்கு இந்தக் கதை இல்லை.

அப்படிப்பட்ட கங்கம்மாவை அவள் புருஷன் அடிக்கிறான் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது.

புருஷன் பெயர் கோதண்டபாணி. வில்லேந்திய ராமனின் பெயர்தான். ஆனால் இவர் கையில் இருந்தது இஸ்திரிப் பெட்டி. மந்தைவெளியில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டி. ஆள் நாற்பத்தைந்து கிலோ, அதில் மீசை மட்டும் மூன்று கிலோ. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால்கூட அடிக்காமல் துடைப்பத்தால் தள்ளி வாசல்வரை வழியனுப்பி வைப்பார்.

முதலில் வந்தது இடது முழங்காலுக்குக் கீழே, நாவற்பழ நிறத்தில் ஒன்று. எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்போம் என்று கங்கம்மா விட்டுவிட்டாள். பிறகு தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. ஐஸ் பெட்டியைத் தூக்கிய மறுநாள் கை முழுக்கப் பட்டை பட்டையாக நீலம். பல் துலக்கினால் ஈறில் ரத்தம். இதையெல்லாம் அவள் பெரிதாக நினைக்கவில்லை. குரல் கம்மிப்போய் பூனைகள் வருவது நின்றபோதுதான் கொஞ்சம் பயந்தாள்.

ஒரு நாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அன்னக்கூடையைக் கழுவும்போது, பக்கத்துக் கடையில் இறால் விற்கிற டயானா பார்த்துவிட்டாள்.

"யக்கா, இன்னாக்கா இது, காலு பூரா?"

"தெர்லடி. தானா வருது."

"தானா வர்றதுக்கு அது இன்னா கத்திரிக்காயா? மாமா அட்சாரா?"

கங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்தாளா? அந்தாளு ஈய அட்சா, ஈ எய்ந்து குந்திக்கினு சிரிக்கும்டி!"

அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. டயானாவின் சொந்த அக்காவும் இப்படித்தான் மூன்று வருஷம் சிரித்துக்கொண்டிருந்தாள், கை ஒடிந்து கட்டுப் போடுகிறவரைக்கும். அதனால் கங்கம்மா இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, டயானாவுக்கு ஆமாம் ஆமாம் என்றே கேட்டது. ஒரு வாரத்தில் மார்க்கெட்டுக்கே தெரிந்தது. மறுவாரம் மந்தைவெளிக்கும் போயிற்று. இஸ்திரிக்குத் துணி கொண்டுவந்த பெண்கள் மூட்டையை வண்டியில் வைக்காமல் வீசினார்கள். டீக்கடையில் கோதண்டபாணி உட்கார்ந்தால் பெஞ்சு காலியாயிற்று. அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றில் கோலம் போட்டுவிட்டு எழுந்து போனார்.

அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. ராத்திரி இல்லாத அடி காலையில் இருக்கிறதென்றால் அது காத்துக்கருப்பின் வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் மூன்று எலுமிச்சம்பழம் வாங்கிவந்தார். நல்ல மஞ்சள், மெல்லிய தோல், சாறு ததும்புகிற பழம். பெண்டாட்டியை உட்காரவைத்துத் தலையைச் சுற்றி, முச்சந்தியில் கொண்டுபோய் எறிந்தார். ஏழு வாரத்தில் இருபத்தோரு பழம் ஆட்டோ ஏறி நசுங்கியது.

"வாசன எம்மா நல்லா கீதுய்யா," என்பாள் கங்கம்மா, மூக்கை உறிஞ்சி. வாயில் எச்சில் ஊறும். ஆனால் தொடமாட்டாள். அவளுக்குப் பத்தியம்.

போன வருஷம் பொங்கல் சமயத்தில் அவளுக்கு வயிற்றெரிச்சல் வந்தது. ராயப்பேட்டையில் ஒரு சந்தில் இருந்த நாட்டு வைத்தியர் ஒரு சூரணம் கொடுத்தார். புளிப்பு கூடாது, தக்காளி கூடாது, மாங்காய் கூடாது, எலுமிச்சை ஆகவே ஆகாது, பழம் கீரை எதுவும் வேண்டாம் என்று பட்டியல் போட்டார். "ஒரு மண்டலம் கழிச்சு வாம்மா, நானே பத்தியத்தை எடுத்துவிடறேன்" என்றார். எரிச்சல் பத்தே நாளில் போய்விட்டது. நாற்பத்தெட்டாம் நாள் கங்கம்மா வெற்றிலை பாக்கோடு போய் நின்றால் கடையில் பூட்டு. வைத்தியர் ஆதம்பாக்கத்தில் இருக்கிற தன் மகன் வீட்டோடு போய்விட்டாராம். முகவரி யாருக்கும் தெரியவில்லை.

போட்ட கைதான் பத்தியத்தை எடுக்க வேண்டும், தானாக முறித்தால் தின்ற மருந்து உடம்பைத் தின்னும் என்பது அவளைப் பெற்றவள் சொல்லிப்போன வாக்கு. ஆகவே கங்கம்மா காத்திருந்தாள். காலையில் டீயும் பன்னும், மத்தியானம் பால்சோறும் சுட்ட கருவாடும், ராத்திரி சர்க்கரை தொட்டு இட்லி. இப்படிப் பதினைந்து மாதம் ஓடியிருந்தது.

அந்த நிலையில்தான் கே.கே. நகரிலிருந்து அவள் அண்ணன் மதிவாணன் ஆட்டோவோடு வந்து இறங்கினார். டயானாதான் போன் போட்டுச் சொன்னவள்.

"கெளம்பு கங்கா. துணிமணி எட்த்துக்க. இவன நான் ஸ்டேசன்ல பாத்துக்கறேன்."

கோதண்டபாணி மூலையில் நின்று மீசையைக் கடித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனம் அன்றைக்கு ஆட்டோ ஏறிவிடும் போலிருந்தது. கங்கம்மா இருந்த கொஞ்சநஞ்சக் குரலையும் கூட்டிக்கொண்டாள்.

"இர்ணா. பெரியாசுபத்திரிக்கிப் போவோம். அட்ச காயம்னு டாக்டரு சொன்னா நான் உன்கூட வர்றேன். இல்லன்னு சொன்னா, நீ, இந்த டயானா, அத்தினி பேரும் இந்த மன்சன் மூஞ்சியப் பாத்துப் பேசணும். இன்னா?"

அப்படியே எல்லோரும் போனார்கள். டாக்டர் ஃபிர்தௌஸ், முப்பது வயது இருக்கும், முதலில் அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. வீட்டுல யாராவது அடிக்கிறாங்களா?"

"இல்ல டாக்டரம்மா. மீன் மேல சத்தியமா இல்ல."

டாக்டர் தலையாட்டினாள், நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே கூட்டம் திரும்பப் போனது. ரத்தத் தட்டணுக்கள் சரியாக இருந்தன, ரத்தம் உறைவதிலும் குறையில்லை. டாக்டர் டார்ச் அடித்து வீங்கிய ஈறைப் பார்த்தாள். காலில் முடி வேர்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள். முடிகள் ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருந்தன. அதையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"நேத்து காலைலேருந்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

கங்கம்மா சொன்னாள். அதற்கு முந்தின நாள்? அதேதான். போன மாதம்? அதேதான். பத்தியக் கதை முழுவதும் வெளியே வந்தது.

"அம்மா, உங்க உடம்புல வைட்டமின் சி சுத்தமா இல்லை. அது இல்லைன்னா ரத்தக்குழாய் பலமில்லாம போயிடும். லேசா பட்டாலே உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு நீலம் பாரிக்கும். அந்தக் காலத்துல மாசக்கணக்கா கப்பல்ல போனவங்களுக்கு வந்த வியாதி இது."

"எங்க ஊட்டாளுங்கல்லாம் காலைல கடலுக்குப் போனா மத்தியானம் வந்துருவாங்களே டாக்டரம்மா!"

"வீட்டுல எலுமிச்சம்பழம் வாங்கறதே கிடையாதா?"

"வாரத்துக்கு மூணு வாங்குறாரு."

"வாங்கி?"

"என் தலையச் சுத்தி ரோட்டுல எறிஞ்சிருவாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சிரிப்பை அடக்க இரண்டு தடவை இருமிப் பார்த்தாள், முடியவில்லை. "சுத்தறது சுத்தட்டும்மா. எறியாம பிழிஞ்சு உங்க வாயில ஊத்தச் சொல்லுங்க. நெல்லிக்கா, கொய்யா, கீரை, எல்லாம் தின்னுங்க. மாத்திரையும் தர்றேன்."

"அது எப்டி? போட்டவரு வந்து எடுக்கணுமே?"

ஃபிர்தௌஸ் ஓ.பி. சீட்டைத் திருப்பிப்போட்டு, அழகான தமிழில் எழுதினாள்: 'இது அடிபட்ட காயம் அல்ல, சத்துக் குறைவு. கங்கம்மாவின் பத்தியம் இன்றோடு முடிந்தது.' கீழே கையெழுத்து, அதன்மேல் ஓங்கி ஒரு முத்திரை. கங்கம்மா அந்தச் சீட்டை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பதினைந்து மாதமாக அவள் தேடிய கை அதுதான்.

வெளியே மதிவாணன் சீட்டை மூன்று தடவை படித்தார். பிறகு மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார். டயானாவின் கண்ணில் தண்ணீர் வந்தது.

"மாமா, நான்தான் எல்லார்ட்டயும்..."

"உடும்மா," என்றார் கோதண்டபாணி. ஏழு வாரத்தில் அவர் பேசிய முதல் நீளமான பேச்சு பின்னால் வந்தது: "அவளுக்கு நான் ஒருத்தன்தான் கீறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இம்மாம் பேரு கீறீங்க. எனக்கு நிம்மதி."

ஈறு நாலு நாளில் ஆறியது. நீலமெல்லாம் பச்சையாகி, மஞ்சளாகி, மூன்று வாரத்தில் மறைந்தது. நடுவில் வந்த வெள்ளிக்கிழமைகளில் கோதண்டபாணி பழக்கம் விடாமல் மூன்று பழத்தைத் தலையைச் சுற்றினார். பிறகு அடுப்படிக்குப் போய்ப் பிழிந்து, உப்புப் போட்டு, ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் மடக்குக்குக் கங்கம்மாவின் முகம் ஒன்பது கோணலாகப் போய், மறுபடி நேரானது.

குரல் திரும்பிய அன்று அவள் கூடையிலிருந்த பெரிய வஞ்சரத்தை எடுத்து டயானாவின் பலகையில் தொப்பென்று போட்டாள்.

"இன்னாத்துக்குக்கா இது? நான் இன்னா நல்லதா பண்ணேன்?"

"நீ தப்பாத்தான் நெனச்ச. ஆனா வாய மூடிக்கினு போவலியே. நீ கத்தலன்னா நான் ஆசுபத்திரிப் படியே ஏறிருக்க மாட்டேன்டி. எட்த்துக்கினு போயி கொழம்பு வை. புளி தூக்கலா ஊத்து, சாங்காலம் நானும் சாப்பிட வர்றேன்!"

அன்று மாலை மந்தைவெளியில், கசங்கிப்போயிருந்த அந்த ஓ.பி. சீட்டைக் கோதண்டபாணி ஒரு வெள்ளைத் துணிக்கு அடியில் விரித்தார். பட்டுப் புடவைக்கு வைக்கிற சூட்டில், முத்திரை கலையாமல், நாலு மூலையும் படிய இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் உறையில் செருகி, வண்டிக்கு மேலே வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். மூட்டையை வீசிப்போன பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்று அதைப் படித்தார்கள். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. யாராவது கொஞ்சம் தூரத்தில் நின்றால் மட்டும், இன்னும் கிட்டே வந்து படிக்கட்டும் என்று வண்டியைத் தள்ளிப் போட்டு இடம் விட்டார்.