முப்பத்தேழாம் இதழுக்கு மதிப்பெண்

என் மேசையின் இடப்பக்க அடுக்கில் முப்பத்தாறு சித்திரக்கதை இதழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அட்டையிலும், நாயகனின் கவசம் பளபளப்பதையும் பொருட்படுத்தாமல், வலது மேல் மூலையில் சிவப்பு மையில் ஒரு வட்டம். அதற்குள் இருபத்தைந்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். உயர்ந்தது இருபத்தொன்று. குறைந்தது நான்கு, அந்த இதழில் நடந்ததெல்லாம் கனவு என்று நாயகன் நிழற்கவசன் கடைசிப் பக்கத்தில் விழித்துக்கொள்வான். மதிப்பெண் போட்டவள் என் மனைவி. சித்தூரில் முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்தவள்.

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்த அவள் ஆண்டுதோறும் திருப்பதிக்குப் போவாள். ஓய்வுபெறுமுன் போன கடைசி முகாம் முடிந்து திரும்பிய அன்று, பேருந்து நிலையக் கடையில் படிக்க வேறெதுவும் அகப்படாமல் நிழற்கவசனின் முதல் இதழை வாங்கியிருக்கிறாள். சந்திரகிரி தாண்டுவதற்குள் படித்துவிட்டாள். பூதலப்பட்டு வருவதற்குள் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டாள். பிறகு மாதம் தவறாமல் அந்தக் கடைக்குப் போனாள். அவள் எழுதிய மதிப்புரைகள் எங்கள் திருச்சபையின் மாதப் பத்திரிகையில், பிறப்பு, திருமணம், மரண அறிவிப்புகளுக்கு அடுத்து, கடைசிப் பக்கத்தில் வந்தன. ஜட்டியை மேலே போட்டுக்கொண்டு திரிகிற ஆளுக்குச் சபைப் பத்திரிகையில் என்ன வேலை என்று மூப்பர் ஒருவர் ஆலய வாசலிலேயே கேட்டார். அவள் குடையை மடக்கியபடியே சொன்னாள்: “அவன் மாசத்துக்கு நாலு பேரையாவது காப்பாத்தறான், அண்ணே. நம்ம கமிட்டி இந்த மாசம் இன்னா பண்ணிச்சு?” அதன்பின் அந்தப் பக்கம் அவளுடையதாயிற்று.

நான் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவன். முடியாத கதையின் ஒரு துண்டை முழுமை தெரியாமல் மதிப்பிடுவது முறையன்று என்று ஒருமுறை அவளிடம் நீளமாக வாதிட்டேன். அவள் தலை நிமிரவில்லை. “அடுத்த மாசம் இன்னா எழுதுவான்னு எனக்கெதுக்குங்க? இந்தப் பேப்பர்ல இன்னா எழுதிக்கீறானோ அதுக்குத்தான் மார்க்.” விடைத்தாள் திருத்துபவர்களின் விதி அது. எழுதாத விடைக்கு மதிப்பெண் கிடையாது. எழுதியிருப்பான், நேரம் போதவில்லை என்ற இரக்கத்துக்கும் கிடையாது. ‘தொடரும்’ என்ற சொல்லுக்கு அவள் ஒருநாளும் அரை மதிப்பெண் தந்ததில்லை.

அவள் மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்து இறந்துபோனாள். அடக்கம் முடிந்த இரண்டாம் வாரம் போதகர் வீட்டுக்கு வந்தார். நல்லவர், என்னைவிட இருபது வயது இளையவர். சபைப் பத்திரிகையின் அடுத்த இதழில், கடைசிப் பக்கத்தில் அவள் படத்தையும் ஒரு வேத வசனத்தையும் போட்டு, என்னிடம் நான்கு வரி அஞ்சலி வாங்குவது அவர் எண்ணம். “இந்த மாசம் பொம்மைக் கதை வேணாமே சார். அம்மாவைப் பத்தியே இருக்கட்டும்” என்றார். மரண அறிவிப்புக்கு முந்தின பக்கம் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் மதிப்புரைதான் வரும், அதை நான் எழுதுவேன் என்றேன். இறந்தவளின் பக்கத்தை அவள் இறந்த செய்தியைக் கொண்டே நிரப்ப நான் சம்மதிக்கவில்லை.

மறுநாள் திருப்பதிக்குப் போனேன். முப்பத்தேழாம் இதழைக் கடைக்காரர் தனியே எடுத்து வைத்திருந்தார். “மேடம் ராலேதா, சார்?” என்றார். வரவில்லை என்று அதே தெலுங்கில் சொல்லி வாங்கிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருந்தது. அதற்கு மேல் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

இந்த இதழில் நிழற்கவசன் இறக்கிறான். இடிந்துவிழும் பாலத்தைத் தோளில் தாங்கி, ஒரு பேருந்து கடக்கும்வரை நிற்கிறான், பிறகு நிற்கவில்லை. அந்தக் காட்சி வரும் மூன்று பக்கங்களில் உரையாடலே இல்லை. பேருந்தில் ஒரு பெண் திரும்பிப் பார்க்காமல் பையில் எதையோ தேடிக்கொண்டிருக்கிறாள். ஓவியர் இங்கே உயர்ந்துவிட்டார். ஆனால் நான்காம் பக்கத்தில் ஏழு தூண்கள் இருந்த பாலத்துக்குப் பத்தொன்பதாம் பக்கத்தில் ஆறுதான் இருக்கின்றன. அதுவரை எந்தத் தூணும் இடியவில்லை, வரைய மறந்திருக்கிறார். நான் மூன்றுமுறை எண்ணினேன். அவள் ஒருமுறை எண்ணியிருப்பாள். கடைசிப் பக்கம் முழுக் கறுப்பு, கீழே, ‘தொடரும்’.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் சொன்னதும் ஏறக்குறைய அந்தச் சொல்தான். மறுபடி பார்ப்பீர்கள் சார், என்றார்கள். நான் அதை மறுப்பவனல்லன். ஞாயிறுதோறும் அதைச் சொல்லும் பாட்டை ஆலயத்தில் அதே இருக்கையருகே நின்று பாடுகிறேன். ஆனால் என் கையில் இருப்பது இந்த இதழ் மட்டுமே. வராத பக்கத்தைக் காட்டி வந்த பக்கத்தின் கறுப்பைக் குறைத்துச் சொல்லும்படி கேட்டால், அதற்கு நான் உடன்படமாட்டேன்.

மதிப்புரையைப் போதகரிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். அச்சிடுகிறேன் என்றார். பிறகு தயங்கி, “அவன் செத்துட்டான் சார். கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கலாமே” என்றார்.

“செத்ததுக்கு மார்க் இல்ல, பாஸ்டர்” என்றேன். “நின்னதுக்குப் போட்டிருக்கேன்.”

வீட்டுக்கு வந்து அவள் பேனாவை எடுத்தேன். மை காய்ந்திருந்தது, முனையை வெந்நீரில் நனைக்க வேண்டியிருந்தது. முப்பத்தேழாம் இதழ் இப்போது அடுக்கில் மற்றவற்றின் மேல் இருக்கிறது. வட்டம் அவளுடையதைப்போல் ஒரே சுழற்சியில் வரவில்லை, ஓரிடத்தில் கோணியிருக்கிறது. உள்ளே பதினேழு. தூணுக்காக இரண்டைக் குறைத்திருக்கிறேன்.