டர்போ ஆறட்டும்

வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றுவிடும், இறங்கத்தான் முடியாது. "இரும்மா, டர்போ ஆறட்டும்" என்று கையை நீட்டித் தடுத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் டர்போ சார். மூன்று நிமிடம். மடியில் காய்கறிப் பையோடு மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் இறங்கிவிட்டால் டர்போவுக்கு என்ன வந்துவிடும் என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை.

பெயர் தெரு வைத்தது. தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. வண்டிக்குப் பதினொரு வயது. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு, நடுவில் நாலு சிக்னல். அதுதான் அதன் உலகம். வேக முள் நாற்பதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற அந்த நத்தை வடிவ இரும்பு சூடேறிவிடுமே என்ற கவலையில் மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். கடைக்கு வந்தவர் முகத்தில் சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "டர்போ எத்தனை டிகிரியில வேலை செய்யுது தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். கண் மங்கிய நிலையில் அந்த ஆள் எங்கே எழுந்து ஓடுவது?

போன மாதம் பானெட்டின் பின்பக்கக் கீல்களுக்கு அடியில் வாஷர் வளையங்களைக் கொடுத்து, ஒரு விரல் இடைவெளி விட்டுத் தூக்கினார். சூடு வெளியே போகுமாம். போன சூடு, முன்கண்ணாடியின் அடியிலிருக்கும் காற்றுவழியில் புகுந்து, டீசல் புகையையும் கூட்டிக்கொண்டு வண்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கும் மனைவி ஒரு வாரம் டீசலில் குளித்தவள் மாதிரி வேலைக்குப் போனாள். "அது நாத்தம் இல்லம்மா, எஞ்சின் மூச்சு விடுது" என்றார். அதே வாரம் அவள் காய்ச்சலில் படுத்தபோது, பானெட்டுக்குள் விட்ட தலையை எடுக்காமலே "மாத்திரை போட்டியா?" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்ததும் இவர்தான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு நேர்காணல். தலைமை மருந்தாளர் பதவி. ஒன்பது வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து வந்தது.

"ஏங்க, வியாழக்கிழமை வரைக்கும் வண்டியில கை வைக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சேச்சே, நான் ஏன் தொடப்போறேன்?"

புதன்கிழமை மாலை பார்சலில் பம்ப் வந்து சேர்ந்தது. எஞ்சினை அணைத்த பிறகும் டர்போவைச் சுற்றித் தண்ணீரை ஓட்டுகிற சின்ன மின்பம்ப். சூடு தணிந்ததும் அதைத் தானாக நிறுத்த ஒரு சுவிட்சும் கூடவே வந்திருந்தது. குழாய் மாட்டிக் கொடுத்த தெருமுனை மெக்கானிக், "சார், சுவிட்ச மட்டும் விட்டுடாதீங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். சாருக்குச் சுருக்கென்றது.

"ஆறிடுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? ஒரு சுவிட்ச் வந்து எனக்குச் சொல்லணுமா?" சுவிட்சைத் தூக்கி மேசை இழுப்பறைக்குள் போட்டார். பம்பின் ஒயரை நேராகப் பேட்டரியில் கொடுத்தார். அது ஓடுகிற மெல்லிய சத்தத்தைக் காது குளிரக் கேட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

காலை எட்டே கால். இஸ்திரி மடிப்புக் கலையாமல், சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்து அவள் வண்டியில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினார். 'டக்' என்றது. மறுபடி திருப்பினார். அதுவும் இல்லை.

"என்ன பண்ணினீங்க?"

"பேட்டரி இறங்கிடுச்சு, அவ்வளவுதான். பம்ப் ராத்திரி பூரா ஓடியிருக்கு."

"தொடமாட்டேன்னு சொன்னீங்களே?"

"வண்டிய எங்க தொட்டேன்? டர்போவத்தானே தொட்டேன்!"

அவளுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை. எதிர்வீட்டு டீச்சர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். "அக்கா, ஆஸ்பத்திரி வரைக்கும் விட்டுடுறீங்களா?" என்று ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"இரும்மா! ஒரு நிமிஷம் இங்க பாரேன்!"

ஏதோ வழி கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது என்று அந்தப் பைத்தியக்கார மனசு ஒரு கணம் நம்பியது. திரும்பிப் பார்த்தாள்.

பானெட் திறந்திருந்தது. அவர் முகமெல்லாம் பல்லாக நின்றார். "ஜில்லுனு இருக்கு!" என்றார். பிறகு குனிந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல, புறங்கையை டர்போவின்மேல் மெல்ல வைத்துப் பார்த்தார்.